விண்கல் அறுக்க எந்தத் தண்ணீர்? போர், சம்பை ஊத்து, ஆர்ஓ, மழை, பேட்டரி தண்ணீர்

முறம்பு_காரைக்குடி (கேள்வி):

வணக்கம். கையில் இருப்பது 6 இஞ்ச் டைமண்ட் பிளேடு போட்ட சின்ன ரத்தினக்கல் அறுக்கும் மெஷின். அடித்தொட்டி 3 லிட்டர் பிடிக்கும், பிளேடு அதில் முங்கிச் சுற்றும். அறுக்க வேண்டியவை இரண்டு. ஒன்று 180 கிராம் ஹெச்5 காண்ட்ரைட் (இரும்புப் பொடி கலந்த கல் விண்கல்), வடமேற்கு ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பொறுக்கிய வகை. இன்னொன்று 90 கிராம் காம்போ டெல் சியேலோ, அர்ஜென்டினாவில் விழுந்த இரும்பு விண்கல். இரண்டும் ரசீதோடு வாங்கியவை, புதிதாகக் கண்டெடுத்தது எதுவும் இல்லை.

கிடைக்கிற தண்ணீர்: போர் (டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் பொருளின் அளவு, 900), எங்கள் ஊர்ச் சம்பை ஊத்துத் தண்ணீர், வீட்டு ஆர்ஓ (டிடிஎஸ் 60), முற்றத்தில் பிடித்துப் பித்தளை அண்டாவில் வைத்திருக்கும் மழைத் தண்ணீர், கடையில் விற்கும் பேட்டரி தண்ணீர். அறுத்த முகத்தில் துரு வரக்கூடாது. ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டால் எந்தத் தண்ணீரும் சரியாகிவிடும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். உண்மையா? எண்ணெய் ஊற்றி அறுப்பது இதைவிட நல்லதா?

—

துருவாசர் (பதில்):

டிடிஎஸ் மீட்டரை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். அது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து ஓர் எண்ணைச் சொல்லும். உள்ளே இருப்பது சுண்ணாம்பா உப்பா என்று அதற்குத் தெரியாது. விண்கல் இரும்புக்கு எதிரி குளோரைடு, சமையல் உப்பில் சோடியத்தோடு இருக்கிற மறுபாதி. மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம்.

காரணம் இது. இரும்பு துருப்பிடிக்கும்போது துருவுக்கும் நல்ல உலோகத்துக்கும் நடுவே இருக்கிற இடம் அமிலமாகிறது. அந்த அமிலத்தைச் சமன் செய்ய எதிர்மின் அயனி வேண்டும், குளோரைடு சின்னதாக இருப்பதால் முதல் ஆளாக உள்ளே நுழைகிறது. அங்கே அகாகனெய்ட் என்ற துருக்கனிமம் உருவாகித் தன் அமைப்புக்குள்ளேயே குளோரைடைப் பூட்டி வைத்துக்கொள்கிறது. பிறகு ஈரம் கிடைக்கும்போதெல்லாம் அதே குளோரைடு வெளியே வந்து அடுத்த அடுக்கைத் தின்னும். குளோரைடு செலவாவதே இல்லை. அதனால்தான் அறுத்த அன்று பளபளவென்று இருக்கும் முகம் மூன்று மாதம் கழித்து பழுப்பு முத்து முத்தாக வியர்க்கிறது.

விண்ணிலிருந்தே லாரன்சைட் என்ற இரும்புக் குளோரைடு கல்லோடு வருகிறது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 1989-இல் புக்வால்டும் கிளார்க்கும் அண்டார்டிகா இரும்புக் கற்களை ஆராய்ந்து, அந்தக் குளோரைடு பூமியில் கிடந்தபோது ஏறியது என்று காட்டிவிட்டார்கள். உங்கள் கேள்விக்கு இது முக்கியம். மண்ணிலிருந்து ஏறுவது போலவே தொட்டியிலிருந்தும் ஏறும்.

இனி உங்கள் பட்டியல்.

போர் வேண்டாம். குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-லேயே குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 1000 வரை போகலாம் என்று இருக்கிறது. மனிதனுக்குச் சரியானது ஹெச்5-க்குச் சரியாகாது. ஹெச் வகையில் எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை நிக்கல்-இரும்பு இருக்கும், பொடிப்பொடியாகக் கல் முழுக்கப் பரவி.

சம்பைத் தண்ணீருக்கு ருசி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாக்கு இதில் சாட்சி சொல்ல முடியாது. உப்புக் கரிக்கிறது என்று நாக்குக்குத் தெரிய குளோரைடு 200, 300 மில்லிகிராம் ஆக வேண்டும். 100 மில்லிகிராம் இருந்தாலும் தித்திக்கிற மாதிரிதான் இருக்கும். கீழே சொல்லும் சோதனையைப் பண்ணிவிட்டு முடிவெடுங்கள்.

வீட்டு ஆர்ஓவில் ஒரு சூது இருக்கிறது. பெரும்பாலான மெஷினில் டிடிஎஸ் கண்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும். அது ருசிக்காகப் பச்சைத் தண்ணீரில் கொஞ்சத்தை வடிகட்டிய தண்ணீரோடு கலக்கும். நீங்கள் பார்க்கிற 60-இல் பாதி போர் தண்ணீரிலிருந்து வந்ததாகவே இருக்கலாம். தவிர, ஜவ்வு சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் நிறுத்துகிற அளவுக்குச் சோடியம் குளோரைடை நிறுத்தாது, மிஞ்சுகிற 60-இல் உப்பின் பங்கு அதிகம். கேன் தண்ணீரும் இதே கதை. உப்புப் போட்டு ஓட்டும் சாஃப்ட்னர் தண்ணீர் அதைவிட மோசம், அது சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தைத் தரும், குளோரைடு அப்படியே நிற்கும்.

பேட்டரி தண்ணீர்தான் பதில். வாங்கும்போது பாட்டிலைப் பார்த்து வாங்குங்கள், அதே அலமாரியில் பேட்டரி ஆசிட் பக்கத்திலேயே நிற்கும். இப்போது விற்பதில் நிறைய காய்ச்சி வடித்ததல்ல, ரெசின் வழியாக அயனி நீக்கியது. அது தப்பில்லை. ரெசின் தீர்ந்துபோன பிறகும் ஓட்டினால்தான் குளோரைடு நழுவி வரும். அதனால் சோதனை.

சில்வர் நைட்ரேட் 1.7 கிராம், 100 மில்லி நல்ல டிஸ்டில்டு தண்ணீரில். பழுப்புப் பாட்டிலில் வையுங்கள், கையில் பட்டால் கருப்புக் கறை ஒரு வாரம் போகாது. சோதனைத் தண்ணீர் 10 மில்லி, அதில் நீர்த்த நைட்ரிக் அமிலம் 2 சொட்டு, பிறகு சில்வர் நைட்ரேட் 3 சொட்டு. கருப்புத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். பால் போலக் கலங்கினால் குளோரைடு. ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும்: உப்பு 1.65 கிராம் ஒரு லிட்டரில் கரைத்தால் குளோரைடு 1000 மில்லிகிராம். அதில் 10 மில்லி எடுத்து ஒரு லிட்டர் ஆக்கினால் 10 மில்லிகிராம். உங்கள் தண்ணீர் இந்தப் பத்தைவிடத் தெளிவாக இருக்க வேண்டும். துளியும் கலங்காமல் இருந்தால் கேள்வியே இல்லை.

அமிலச் சொட்டை விட்டுவிடாதீர்கள். சோடா கலந்த தண்ணீரில் கார்பனேட்டே சில்வரோடு சேர்ந்து கலங்கும், குளோரைடு என்று ஏமாந்துபோவீர்கள்.

ஆப்ப சோடா விஷயம்: வீடியோக்காரர் பாதி சரி. காரத்தில் இரும்பின் மேல் ஒரு மெல்லிய படலம் நிற்கும், அது காக்கும். ஆனால் ஆப்ப சோடாவின் பிஹெச் 8.3-ஐத் தாண்டாது. கான்கிரீட் கம்பிக்கு 1967-இல் ஹவுஸ்மன் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: குளோரைடுக்கும் ஹைட்ராக்சைடுக்கும் மோல் விகிதம் 0.6-ஐத் தாண்டினால் படலம் உடையும். நிக்கல்-இரும்புக்கு அப்படியே பொருந்தாது என்றாலும் அளவு புரிய உதவும். பிஹெச் 11-இல் அந்த எல்லை லிட்டருக்கு 21 மில்லிகிராம் குளோரைடு. பிஹெச் 8.3-இல் 0.04 மில்லிகிராம்! அந்தத் தூய்மை பேட்டரி தண்ணீரிலேயே கிடைப்பது சந்தேகம். ஆக ஆப்ப சோடா ஆப்பத்துக்கு.

வேண்டியது சலவைச் சோடா, அதாவது சோடியம் கார்பனேட். நீரற்ற பொடி என்றால் லிட்டருக்கு 2 கிராம், பிஹெச் 11-ஐத் தாண்டும். கட்டிகட்டியாக இருக்கும் படிகச் சோடா என்றால் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், அதனால் 5.4 கிராம். மளிகைக்கடைச் சோடாவில் உப்பு கலந்திருக்கும், அதையும் கரைத்துச் சோதியுங்கள். தேறாவிட்டால் ஆப்ப சோடாவையே தட்டில் பரப்பி 200 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வறுத்துவிடலாம், 100 கிராம் போட்டால் 63 கிராம் கார்பனேட் மிஞ்சும். எடை 63-க்கு இறங்காவிட்டால் இன்னும் வறுபடவில்லை என்று பொருள்.

சோடாவைப் போர் தண்ணீரில் போடாதீர்கள். கடினத்தன்மை எல்லாம் சுண்ணாம்பாகத் திரண்டு பிளேடிலும் கல்லின் விரிசலிலும் வெள்ளையாக ஒட்டும், குளோரைடு மட்டும் ஜம்மென்று கரைசலிலேயே இருக்கும். உங்கள் தொட்டி அலுமினியம் என்றால் இந்தக் காரம் அதைத் தின்னும், உள்ளே ஒரு பிளாஸ்டிக் தட்டு வையுங்கள்.

—

லேத்து_தேவகோட்டை (பதில்):

துருவாசர் அண்ணன் தண்ணியைச் சொல்லிட்டாரு, நான் மெஷினைச் சொல்றேன்.

தம்பி, முங்கிச் சுத்துற தொட்டியில ஒரு சிக்கல் இருக்கு. அறுக்கும்போது கல்லுக்குள்ள இருக்கிற பழைய உப்பு தண்ணிக்கு வரும், மேல இருக்கிற தண்ணி ஆவியாகும், ரெண்டும் சேர்ந்து நேரம் ஆக ஆக தொட்டி உப்பாயிக்கிட்டே போகும். அதனால காண்ட்ரைட்டை முதல்ல அறுங்க, காம்போவைக் கடைசியில. காம்போ உப்பு குடிச்ச ஜாதி. நடுவுல தண்ணியை முழுசா மாத்தி, தொட்டியைத் தேய்ச்சுக் கழுவுங்க. அந்த மெஷின்ல முன்னாடி ஆத்தங்குடி கல்லோ வேற டைலோ அறுத்திருந்தா சேறு மூலையில ஒட்டியிருக்கும், அதுவும் போகணும்.

இதைவிட நல்ல வழி சொட்டு. தொட்டியை வெறுமையா விட்டு, பிளேடு மேல ரெண்டு பக்கமும் குளுக்கோஸ் டியூப் வழியா சோடாத் தண்ணி விழ வைங்க. விழுந்த தண்ணி கீழே வடிஞ்சு போயிடும், திரும்ப வராது. ஆனா புது டியூப் வாங்குங்க. ஆஸ்பத்திரியில ஏத்தி மிஞ்சின சலைன் பாட்டிலையும் டியூபையும் எடுத்து மாட்டுறாங்க சில பேர். சலைன்ல லிட்டருக்கு 9 கிராம் உப்பு. ஒரு மில்லி அடியில தங்கியிருந்தாலே உங்க ஒரு லிட்டர்ல 5 மில்லிகிராமுக்கு மேல குளோரைடு சேர்ந்துடும்.

எண்ணெய்: காம்போவுக்கு சரி, காண்ட்ரைட்டுக்கு வேணாம். மினரல் ஆயில் இரும்பை நல்லா காக்கும், பிளேடும் மெதுவா தேயும். ஆனா காண்ட்ரைட் பாக்கத்தான் கெட்டி, உள்ளுக்குள்ள மயிரிழை விரிசல் நிறைய. எண்ணெய் புகுந்தா முகம் இருண்டு போகும், அசிட்டோன்ல நாள்கணக்கா ஊறப்போட்டு மாத்தி மாத்தி எடுக்கணும். அப்பவும் முழுசா வராது. செக்கு நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய்னு கிளம்பிடாதீங்க, சமையல் எண்ணெய் பிசினாகும், சிக்கடிக்கும், அதுல உண்டாகுற அமிலமே இரும்புக்கு ஆகாது. மண்ணெண்ணெய், ஸ்பிரிட் ரெண்டும் பிளேடுக்குக் கிட்டயே வரக்கூடாது. இரும்பு அறுக்கும்போது பொறி பறக்கும், மோட்டர்லயும் பொறி.

லேத் பட்டறையில பால் மாதிரி ஊத்துற சொல்யூபிள் ஆயிலைக் கேப்பீங்க. அதுல சில வகையில குளோரினேட்டட் பாரஃபின் இருக்கும். டப்பாவுல குளோரின் இல்லைன்னு போட்டிருந்தா மட்டும், பேட்டரி தண்ணியில 1-க்கு 20 கலந்து இரும்புக்கு வச்சுக்கலாம். ரெண்டு வாரத்துல நாத்தமடிச்சா கொட்டிடுங்க, பாக்டீரியா சேந்து புளிச்சுப் போச்சுன்னு அர்த்தம்.

கையில பிடிச்சு டைல்ஸ் அறுக்கிற 4 இஞ்ச் மெஷினை யாரும் இதுக்கு எடுக்காதீங்க. நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுத்துக்கு மேல, வெட்டுவாய், அதாவது பிளேடு தின்னுற அகலம், 2 மில்லிமீட்டர். 5-க்கு 4 செ.மீ. முகத்துல ஒரு வெட்டுக்கு 4 கன செ.மீ. காத்தோட போயிடும், காண்ட்ரைட்னா 14 கிராம். உங்க பிளேடு அரை மில்லிமீட்டர்னா அதே வெட்டுக்கு மூணரை கிராம்தான். இரும்புல டைமண்ட் பிளேடு சீக்கிரம் மொழுக்குனு ஆயிடும், வெட்டாம தேய்க்க ஆரம்பிக்கும், சூடு ஏறும். அப்போ அழுத்தம் கொடுக்காதீங்க. அலுமினா தீட்டுக்கல்லுல நாலு வெட்டு வெட்டிட்டு வாங்க, பல்லு திரும்ப வரும். 90 கிராம் காம்போவுக்கு நான் சொன்னா பை-மெட்டல் ஹாக்ஸா பிளேடு, சொட்டு எண்ணெய், கைப்பலம். ஒரு சாயங்காலம் ஆகும், கல்லு சூடாகாது.

—

கோனாபட்டு_ஆச்சி (பதில்):

மழைத் தண்ணீரை யாரும் பேசவில்லை. இந்தப் பக்கத்து வீடுகளில் முற்றத்துக் கூரைத் தண்ணீரை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்துக் குடித்தவர்கள் நாம், அதனால் கை அங்கேதான் போகும். மழைத் தண்ணீர் நல்லதுதான், பித்தளை அண்டாதான் கெடுக்கிறது. மழைத் தண்ணீர் லேசான அமிலம், உப்பும் சுண்ணாம்பும் இல்லாததால் பாத்திரத்தை மெல்ல அரிக்கும். பித்தளையிலிருந்தும் செம்பிலிருந்தும் செம்பு அயனி இறங்கும். அந்தத் தண்ணீர் இரும்பின் மேல் பட்டால் செம்பு இரும்பில் படிந்து, படிந்த ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் இரும்பு குழிகுழியாகக் கரையும். குளோரைடு சோதனையில் தெளிவாகத் தேறும், ஆனாலும் கல் கெடும்.

பிடிப்பதானால் ஓட்டுத் தண்ணீர் வேண்டாம். ஓட்டில் புறா எச்சம், தூசி, சாந்து எல்லாம் வரும். மொட்டை மாடியில் கழுவின பிளாஸ்டிக் டப்பை வானத்தைப் பார்க்க வையுங்கள். முதல் அரை மணி மழையைக் கொட்டிவிட்டுப் பிறகு பிடியுங்கள். வடகிழக்குப் பருவக்காற்று கடலிலிருந்து வருவது, தொண்டிப் பக்கம் கடல் நமக்குத் தூரமில்லை, அதனால் அதிலும் கொஞ்சம் உப்பு இருக்கும். துருவாசர் ஐயா சொன்ன பத்து மில்லிகிராம் அளவுகோலோடு பார்த்துவிட்டு வெட்டுவதற்கு வைத்துக்கொள்ளலாம். கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரி தண்ணீர். ஏசியில் சொட்டும் தண்ணீரும் இதே மாதிரி: உப்பு குறைவு, ஆனால் செம்புக் குழாயும் பாசியும் கடந்து வருகிறது. வேண்டாம்.

நீங்கள் எல்லோரும் தண்ணீரிலேயே நிற்கிறீர்கள். கல் தண்ணீரில் இருப்பது ஒரு மணி நேரம். சரியாகக் காயவைக்காவிட்டால் விரிசலுக்குள் தண்ணீர் இருப்பது மாதக்கணக்கு. அறுத்து முடிந்ததும்:

நைட்ரைல் கையுறையோடுதான் தொட வேண்டும், வியர்வையும் உப்புத்தான். சோடாத் தண்ணீரிலேயே நைலான் பிரஷால் சேற்றைத் தேய்த்து எடுங்கள். பிறகு பேட்டரி தண்ணீரில் மூன்று தடவை, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், சோடா மிஞ்சினால் காய்ந்தபின் வெள்ளையாகப் பூக்கும். உடனே 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அரை மணி நேரம். அதைக் கொட்டிவிட்டுப் புதியதில் இன்னொரு அரை மணி. முதல் முழுக்கு தண்ணீரை இழுக்கும், இரண்டாவது முதல் முழுக்கில் கலந்த தண்ணீரை இழுக்கும், அதனால் ஒன்றோடு நிறுத்தினால் பயனில்லை. மருந்துக்கடையின் 70 சதவீதம் வாங்கினால் மீதி 30-உம் தண்ணீர். சானிடைசர் கேட்கவே வேண்டாம்.

ஆல்கஹால் ஈரத்தோடு ஓவனில் வைத்தால் தீப்பிடிக்கும். அடுப்பு இல்லாத இடத்தில் ஃபேனுக்குக் கீழே ஒரு மணி நேரம், வாசனை முழுக்கப் போனபின் 80 டிகிரியில் 3 மணி நேரம். சித்திரை வெயில் இருக்கிறதே என்று மாடியில் வைக்காதீர்கள், தூசி ஒரு பக்கம், பக்கத்தில் மோர் மிளகாய் காய்ந்தால் உப்புத் தூள் இன்னொரு பக்கம். சூடு ஆறியதும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பா. சாதாரணக் கல்லுக்கு ஈரப்பதம் 40-க்குக் கீழே இருந்தால் போதும். குளோரைடு ஏறிய இரும்பை அருங்காட்சியகங்களில் 15 சதவீதத்துக்குக் கீழே வைக்கிறார்கள், காம்போவுக்கு அதுதான் கணக்கு.

—

முறம்பு_காரைக்குடி:

நன்றி ஆச்சி, நன்றி அண்ணே. மூன்று சந்தேகம். காம்போவின் முகத்தில் பட்டைக்கோடு (இரும்பு-நிக்கல் படிகங்களின் கோடு) தெரிய ஃபெரிக் குளோரைடு தேய்க்கலாமா, எலக்ட்ரானிக்ஸ் கடையில் சுலபமாகக் கிடைக்கிறது. இரண்டாவது, ஏற்கெனவே வியர்க்கும் துண்டு ஒன்று இருக்கிறது, அதை மீட்க வழி உண்டா? மூன்றாவது, இதே சோடாத் தண்ணீர் எல்லா விண்கல்லுக்கும் பொருந்துமா?

—

துருவாசர்:

ஃபெரிக் குளோரைடா! இவ்வளவு நேரம் லிட்டருக்குப் பத்து மில்லிகிராமுக்காக மல்லுக்கட்டிவிட்டுக் குளோரைடையே தூரிகையில் எடுத்துப் பூசுவதா? எத்தனாலில் 5 சதவீத நைட்ரிக் அமிலம் போதும். ஆல்கஹாலில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், அதற்கு மேல் செறிவு கூட்டக்கூடாது, மூடி வைத்துச் சேமிக்கவும் கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும். அன்றன்றைக்கு 50 மில்லி கலக்குங்கள். கோடு தெரிந்ததும் சோடாத் தண்ணீர், பிறகு ஆச்சி சொன்ன வரிசை.

வியர்க்கும் துண்டு இரும்பு என்றால்: காஸ்டிக் சோடா லிட்டருக்கு 4 கிராம், பேட்டரி தண்ணீரில். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் விளிம்பு வரை ஊற்றிக் காற்று புகாமல் மூடி ஒரு வாரம் ஊறவிட்டு, அந்தக் கரைசலில் 10 மில்லி எடுத்து, லிட்மஸ் சிவக்கும் வரை நைட்ரிக் விட்டு, சில்வர் நைட்ரேட் பாருங்கள். கலங்கும். புதுக் கரைசலுக்கு மாற்றி மறுபடி ஒரு வாரம். கலங்காமல் போகும்வரை. மாதங்கள் ஆகலாம். அகாகனெய்ட் உள்ளே பூட்டியிருப்பது முழுக்க வராது, ஆனால் வியர்ப்பது பெரும்பாலும் நிற்கும். காண்ட்ரைட்டுக்கு இந்த ஊறல் வேண்டாம், விரிசல்கள் பிளந்து கல் உதிரும்.

மூன்றாவதுக்குப் பதில், பொருந்தாது. சிஐ, சிஎம் கார்பன் காண்ட்ரைட்டில் களிமண்ணும் தண்ணீரில் கரையும் சல்ஃபேட்டும் இருக்கிறது, ஈரம் பட்டால் குழையும். ஆப்ரைட், என்ஸ்டடைட் காண்ட்ரைட் வகைகளில் ஓல்ட்ஹமைட் என்ற கால்சியம் சல்ஃபைடு உண்டு, தண்ணீர் பட்டதும் அழுகின முட்டை வாடை அடித்து அந்தக் கனிமம் சுண்ணாம்பாகிவிடும். இவற்றுக்கு எந்தத் தண்ணீரும் ஆகாது, டைமண்ட் கம்பி ரம்பத்தில் உலர்வாக, மெதுவாக. யூக்ரைட் என்ற எரிமலைப்பாறை மாதிரிக் கல்லில் உலோகம் அநேகமாக இல்லை, கவலையே வேண்டாம். பல்லசைட்தான் தலைவலி, ஒலிவின் என்ற படிகத்துக்கும் இரும்புக்கும் நடுவே சந்து சந்தாக இருக்கும், அதற்கு ஆல்கஹால் முழுக்கு ஒவ்வொன்றையும் ஒரு ராத்திரி ஆக்குங்கள்.

—

லேத்து_தேவகோட்டை:

ஒண்ணு விட்டுப்போச்சு. தொட்டி அடியில நிக்கிற கருப்புச் சேறுல நிக்கல் இருக்கு, செடிக்கு ஊத்தாதீங்க. காபி ஃபில்டர்ல வடிச்சுக் காயவச்சுத் தனியா கட்டி வைங்க. காயும்போது ஊதக்கூடாது, மாஸ்க் போடுங்க. அறுக்கிறதுக்கு முன்னாடி கல்லு எடை, அறுத்த பிறகு துண்டுகளோட எடை, ரெண்டையும் எழுதி வச்சா உங்க பிளேடோட நிஜமான வெட்டுவாய் எவ்வளவுன்னு தெரிஞ்சுடும். அடுத்த கல்லுக்குக் கோடு போட அதுதான் கணக்கு.